பத்து எண்ணும் வரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இரண்டாவது வரிக்கு வராமல் போனைத் தூக்கிக்கொள்வாய். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், எழுந்து நடமாடுகிறோம், அந்த அளவுக்கு நலம். நீ அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. வாரத்துக்கு இரண்டு தரம் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று பயப்படாதே. நம் வீட்டில் போனில் ஒன்றும் பேச முடியாது. பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்பு, அப்பாவுக்கோ பாம்புச் செவி, நான் உன்னிடம் வெங்காய விலை சொன்னால்கூட அங்கிருந்தே திருத்துவார். இப்போது வெல்டிங்காரர் கடைக்கு ஒரு பிராக்கெட் செய்யப் போயிருக்கிறார். திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும், ஏனென்றால் அங்கே டீயும் கிடைக்கும், எதிர்த்துப் பேசாமல் கேட்க ஆளும் கிடைக்கும்.

விஷயம் அப்பாவைப் பற்றித்தான், ஆனால் அது டிராக்டர் ரெசிஸ்டரில் ஆரம்பிக்கிறது. நீ இங்கே இருந்தவரை கிரீஸ் வாடை ஆகாது என்று பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், அதனால் அடியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. பழைய பெட்ரோல் டிராக்டர் எல்லாம் ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடுகிறவை. இப்போது அந்த பேட்டரியும் லேசில் கிடைப்பதில்லை, டைனமோவும் கிடைப்பதில்லை, அதனால் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி அப்பாவிடம் வருகிறார்கள். பேட்டரி மாறும், விளக்கு மாறும், ஆனால் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற காயில் மட்டும் பெரும்பாலும் பழைய ஆறு வோல்ட் காயிலாகவே இருக்கும். அதில் பன்னிரண்டை நேராக விட்டால் வெந்துபோகும். அதற்காக நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைப்பது, விரல் நீளத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி, வருகிறதில் பாதியைத் தான் வாங்கிச் சூடாகிக்கொண்டு மீதியைக் காயிலுக்கு விடும். பட்டறையில் அதற்குக் கட்டி என்றுதான் பேச்சு. அரை ஓம், ஒரு ஓம், ஒன்றரை ஓம் என்று அதில் அளவு உண்டு. தேவைக்கு மேல் பெரிய கட்டி போட்டால் பொறி சோர்ந்து காலையில் வண்டி கிளம்பாது, சின்னது போட்டால் காயில் கொதித்து வண்டி நடுவழியில் நிற்கும். எந்த வண்டியில் யார் எந்தக் காலத்தில் என்ன காயிலை மாட்டினார்கள் என்று அந்தக் காயிலுக்கே தெரியாது. அப்பாவின் முள் மீட்டருக்கோ அரைக்கும் ஒன்றரைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். இருப்பதிலேயே சின்ன அரை ஓம் கட்டியை முதலில் போடுவார், வண்டியை இருபது நிமிடம் ஓட விடுவார், பிறகு காயிலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் அளவு சரி. நாலிலோ ஐந்திலோ சுட்டால் அடுத்த பெரிய கட்டி. கை சம்மதிக்கிற வரை ஏற்றிக்கொண்டே போவார். டிரைவர்கள் அவருக்குப் பத்தெண்ணி என்று பேர் வைத்தது அதனால்தான், அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

மழை விட்டதிலிருந்து எட்டு வண்டி மாற்றினோம். வயரை அளந்து வெட்டி முனையில் லக் என்கிற செம்பு வளையத்தை வைத்து அழுத்துவது என் வேலை, மீதி எல்லாம் அவருடையது. முதலில் ஒரு வண்டி, காயிலுக்குப் போகிற மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிற பாயிண்ட் கருகித் திரும்பி வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நானே சொல்லிச் சிரித்தேன். பத்து நாளில் இன்னொன்று வந்தது, அதில் காயிலே போய்விட்டது. கட்டி மட்டமான சரக்கு என்று சொல்லி, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் உதிரிபாகக் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார், இருபது வருடப் பழக்கம், மனுஷன் முகம் சுண்டிப்போனதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் வாயை வைத்தேன், தட்டை நகர்த்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். மூன்றாவதாகக் கல்குவாரி டிரைவர் வந்தார். ஜல்லி ஏற்றிய டிரெய்லரோடு பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிற சரிவில் வண்டி பட்டென்று நின்றுவிட்டது, பிரேக் பிடித்தும் நிற்காமல் பின்னால் உருண்டிருக்கிறது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குதித்துவிட்டாள், கணுக்கால் பிசகியதோடு போயிற்று. டிரெய்லர் மண் மேட்டில் முட்டித் திரும்பி நின்றதாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரார் சொல்லலாம், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த டிரைவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. காயிலைக் கையில் கொண்டுவந்திருந்தார், உள்ளே இருந்த தார் உருகி வெளியே வழிந்திருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, அண்ணே பத்து எண்ணுனீங்களா என்று மட்டும் கேட்டார். பன்னெண்டு எண்ணுனேன் தம்பி என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை, எண்ணினார், நான் பக்கத்தில்தான் லக் அழுத்திக்கொண்டிருந்தேன்.

டிரைவர் போன பிறகு சரக்கு வாங்கச் சீட்டு எழுதலாம் என்று அலமாரியைப் பார்த்தேன். அரை ஓம் கட்டி ஒன்றுகூட இல்லை. ஒரு ஓம் பெட்டியும் ஒன்றரை ஓம் பெட்டியும் நான் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தன. எட்டு வண்டிக்கும் முதல் கட்டியே போதும் என்று கை சொல்லியிருக்கிறது என்றால், கட்டியில் குற்றம் இல்லை. மறுநாள் ஒன்பதாவது வண்டி, கடைசி அரை ஓம் கட்டியோடு, பட்டறை மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கையை வைத்தார், பத்து வரை எண்ணினார், சரியா இருக்கு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் போய் அதே இடத்தில் கை வைத்தேன். இரண்டு என்று சொல்லவில்லை, கையை உதறிவிட்டேன், விரல் நுனியெல்லாம் எரிந்தது. அப்போதுதான் இத்தனை நாள் கண்ணில் பட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவார், சட்டைப் பொத்தான் போட இரண்டு நிமிடம் ஆகும், கொதிக்கக் கொதிக்க இருக்கும் டீ டம்ளரை வெறும் கையால் தூக்குவார், உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், கேட்டால் எங்கேயோ உரசியது என்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா, வெண்ணெய்க் கையா உங்களுக்கு என்று கேலி செய்துகொண்டிருந்தேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு கட்டி போட வேண்டும்.

ஓடாமல் நிற்கிற அந்த மூன்றும் போக இன்னும் ஐந்து வண்டி வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வண்டியைப் பார்க்கப் பால் பண்ணைக்குப் போனேன், போல்ட் இறுக்கியிருக்கிறதா என்று அப்பா பார்க்கச் சொன்னதாக ஒரு பொய். பானெட்டைத் தூக்கிக் காயிலின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன், மூன்றுக்கு மேல் தாங்கவில்லை. புது பாகம் வருகிறது, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மீதி நாலு எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, அப்பாவிடம் கேட்டால் எதற்கு என்பார். சொன்னால் மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் யாராவது சாவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, மூடுகிறேன்.

மேலே எழுதியதைத் தையல் மிஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்து ஆறு நாள் ஆகிறது. அன்றைக்கே அனுப்பியிருக்கலாம், ஆனால் பாதிக் கடிதத்தை அனுப்பி உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இப்போது அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், பகலில் படுக்கிற ஆளா அவர், அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன் கண்ணம்மா. சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் காலை அந்த மேடை வண்டியை ஒப்படைக்க வேண்டிய நாள், கடைசியாக ஒரு தரம் ஓட விட்டுக் கை வைத்தார். எடுக்காதீங்க, அப்படியே வச்சிருங்க என்று சொல்லி, அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். ஒன்று என்று நானே ஆரம்பித்தேன். அவர் என்ன விளையாட்டு இது என்பது போலச் சிரித்துக்கொண்டே கூட எண்ணினார். மூன்றில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாலில் அம்மா என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கை அங்கேயே இருந்தது. என் உள்ளங்கையைப் பார்த்தார், அது செக்கச்செவேல் என்று இருந்தது. பிறகு தன் கையை மெதுவாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அதுவும் அப்படித்தான் இருந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டுப் பழைய பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். நான் திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றுகூட நினைத்தேன். எத்தனை வண்டி வெளியே இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். அஞ்சு என்றேன். ரெண்டு கட்டிப் பெட்டியையும் எடுத்துக்கோ என்று எழுந்துவிட்டார். நீ போன வருடம் அனுப்பிய எண் மீட்டர் உறை பிரிக்காமல் கிடந்ததே, எண் குதிக்கிறது என்று சாக்குச் சொல்வாரே, அதை அவரே பிரித்தார். இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடு ஒன்று தொட வைத்து வயரின் சொந்த அளவைப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டுமாம், அட்டையில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். அன்றும் மறுநாளும் அலைந்தோம். பால் பண்ணை வண்டிக்கு ஒன்றரை. இன்னொன்றில் யாரோ உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த பன்னிரண்டு வோல்ட் காயிலை மாட்டியிருந்தார்கள், அதற்குக் கட்டியே தேவையில்லை, கழற்றிவிட்டோம். இப்படிக் காயிலுக்குத் தகுந்த மாதிரிதான் கட்டி. மீட்டர் பார்ப்பது அவர், இருபது நிமிடம் ஓட விட்டுக் கை வைப்பது நான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், என் தப்பு, மாத்திக் குடுத்துடறேன் என்று அவரே சொன்னார், நான் சொல்லவே இல்லை. ஐந்தாவது வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு சாலையில் வந்துகொண்டிருந்தது, டிரெய்லரில் ஏழெட்டுப் பேர், பெண்களும் உண்டு. அப்பா நடுச்சாலையில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். பானெட்டைத் தூக்கினால் காயிலுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் விரற்கடைதான் இடைவெளி. கடைசியாக உதிரிபாகக் கடைக்குப் போய், உன் சரக்கு நல்ல சரக்குதாம்ப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் போராட்டம். எனக்கென்ன வலியா, வலிச்சாத்தானே ஆஸ்பத்திரி என்றார், அதுதானே வியாதி என்று நான் சொன்னதும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள், நிதானமான பெண். சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறதாம், நேற்று இன்று வந்தது இல்லையாம், பல வருடமாக இருந்திருக்கிறது. நரம்புதான் போயிருக்கிறது, கைக்கு முன்னாலேயே கால் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றச் சொன்னாள். குதிகாலில் ஒரு துண்டுச் செம்புக் கம்பி ஏறியிருந்தது. நான் வெட்டிப் போட்ட வயர்த் துண்டு. சீழ் கட்டியிருந்தது, எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்தாரோ. தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. பட்டறையை நாளுக்கு நாலு தரம் பெருக்குகிறேன், பெருக்கிவிட்டு மறுபடி காந்தத்தால் தடவுகிறேன், செம்பு காந்தத்தில் ஒட்டாது என்று தெரிந்தும் தடவுகிறேன்.

பிறகு கையைச் சோதித்தாள். மீன் தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய இழை, பேனா மாதிரி ஒரு பிடியில் சொருகியிருக்கிறது. கண்ணை மூடிக்குங்க, நான் தொடும்போதெல்லாம் ம் சொல்லுங்க ஐயா என்றாள். அப்பா கண்ணை மூடி, கையை மேசையில் மல்லாத்தி வைத்து, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சுண்டுவிரலில் தொட்டாள், இழை வளைந்தது. அடுத்த விரல், அதற்கடுத்தது, உள்ளங்கை நடுவில் இரண்டு இடம். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தாள். நான் என் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அப்பா காத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மரியாதையாகத்தான், எப்போம்மா ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். அவர் கண்ணைத் திறந்தார். இழை அவர் கட்டைவிரலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவின் கட்டளை. லீவு போட்டுட்டு ஓடி வருவா, வேலை போயிடும் என்கிறார். அதனால் வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத மனம் இல்லை, நீயே யோசித்துக்கொள். போனில் பேசும்போது ஒன்றும் தெரியாத மாதிரியே பேசு, உனக்குப் பொய் சொல்ல வராது, இருந்தாலும் முயற்சி செய். சில பேருக்குக் கொஞ்சம் உணர்ச்சி திரும்புமாம், சில பேருக்குத் திரும்பாதாம், அப்பா எந்த ரகம் என்று ஆறு மாதம் போனால்தான் தெரியும் என்கிறாள் டாக்டரம்மா. அந்த ஆறு மாதத்தை நான் எப்படிக் கழிப்பேன் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் ஒரு நாள் ஒதுக்கி ரத்தம் சோதித்துப் பார், உனக்கு அப்பாவின் உடம்பு வாகு, அப்பாவின் பிடிவாதமும். நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொள். பட்டறை நடக்கிறது, வேலைக்குக் குறைவில்லை, என் உள்ளங்கைதான் கொஞ்சம் தடித்துவிட்டது.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நல்லபடியாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. எப்போது வந்தாலும் சரி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வாயே, அப்படிச் செய்யாதே. தோளைப் பிடித்துக்கொள். அங்கே அவருக்குத் தெரியும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா